கடைமடை வரை ரத்தம்: உறுப்புகளை வளர்க்கும் மருத்துவத்துக்கு ஓர் அறிமுகம்

எங்கள் பெரியம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். துணைக்குப் போகிறவர்களில் நானும் ஒருவன். போன மாதம் ஒரு நாள், ஊசி குத்தி இயந்திரம் ஓடத் தொடங்கியதும் என்னைப் பார்த்துக் கேட்டார்: "தீயில வெந்தவங்களுக்குத் தோலையே வளர்த்து ஒட்டுறாங்களாமே. கிட்னிய வளர்க்க மாட்டாங்களாடா?"

அப்போது தெரிந்ததை அரைகுறையாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அந்தக் கேள்வி எவ்வளவு சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது என்று புரிந்தது. தோலை வளர்த்து ஒட்டத் தொடங்கி 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சிறுநீரகம் இன்னும் வரவில்லை. ஏன்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் உறுப்பு வளர்ப்பு என்கிற துறையே பாதி புரிந்த மாதிரி. அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. எந்த உறுப்பிலும் மூன்று பங்காளிகள் உண்டு. வேலை செய்யும் செல்கள், அந்தச் செல்கள் பற்றிக்கொண்டிருக்கும் சட்டகம், அவற்றுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கழிவை அள்ளிக்கொண்டு போகும் ரத்தக்குழாய்கள். சட்டகம் பெரும்பாலும் கொலாஜன் போன்ற புரதங்களால் ஆன வலை. ஆட்டுக்கால் சூப் ஆறினால் கொழகொழவென்று கெட்டியாகிறதே, அது எலும்பிலும் சவ்விலும் இருந்த கொலாஜன் கரைந்து வந்ததால்தான்.

வளர்வது எப்படி என்பது செல்லுக்கே தெரியும். குழந்தை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் யாரும் சொல்லித்தராமலே தோல் மூடிக்கொள்கிறது. கல்லீரலில் பாதிக்கு மேல் வெட்டி இன்னொருவருக்குக் கொடுத்தவருக்கு, மிச்சமிருப்பது சில மாதங்களில் ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. ஆய்வகத்தில் செய்வதெல்லாம் செல்லுக்கு இடமும் உணவும் கதகதப்பும் கொடுத்துக் காத்திருப்பது. 'செயற்கை உறுப்பு உற்பத்தி' என்று செய்திகளில் படிக்கும்போது எனக்கு அந்தச் சொல் ஒட்டுவதில்லை. இது நாற்றங்கால் வேலை.

சரி, தோலுக்கு வருவோம். மனிதத் தோல் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்க்கப் பலர் முயன்று தோற்றார்கள். செல்கள் சில நாளில் சோர்ந்துவிடும். 1975-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் கிரீனும் அவருடைய மாணவர் ஜேம்ஸ் ரைன்வால்டும் வழி கண்டார்கள். அவர்கள் தோலைத் தேடிப் போனவர்கள் இல்லை. எலியின் ஒருவகைக் கட்டியை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, சில எலிச் செல்களை அடியில் மெத்தை போல விரித்தால் மேலே தோல் மாதிரியான செல்கள் செழிப்பாக வளர்வதைக் கவனித்தார்கள். அடியில் இருக்கும் செல்கள் பெருகாதபடி கதிர்வீச்சால் நிறுத்திவிட்டால் போதும். உயிரோடு இருந்து, மேலே இருப்பவற்றுக்குத் தேவையானதைச் சுரந்து கொடுக்கும். அதே மெத்தையில் மனிதத் தோல் செல்களைப் போட்டார்கள். பெருகத் தொடங்கின. ஒரு கரண்டி உறைமோர் ஒரு பானைப் பாலைத் தயிராக்குவது போல, விரல்நுனி அளவுத் தோலிலிருந்து உடம்பையே மூடும் அளவுக்கு வளர்க்கலாம் என்று ஆனது.

1983-ல் அது உயிர் காக்கும் வேலைக்கு வந்தது. வயோமிங் மாநிலத்தைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர், ஐந்தும் ஆறும் வயது. உடம்பில் 95 சதவீதத்துக்கு மேல் வெந்துபோயிருந்தது. தீக்காயம் என்றால் தொடையில் இருந்து தோலைச் சீவி எடுத்து ஒட்டுவார்கள். இந்தச் சிறுவர்களுக்குச் சீவ இடமே இல்லை. தப்பியிருந்த சிறு துண்டுத் தோலை எடுத்து, கிரீனின் முறையில் வளர்த்து, பாஸ்டன் தீக்காய மருத்துவமனையில் தாள் தாளாக ஒட்டினார்கள். உடம்பில் பாதிக்கு மேல் அப்படி வளர்த்த தோல்தான். இருவரும் பிழைத்தார்கள். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வளர்ந்தது மேல்தோல் மட்டுமே. அதில் வியர்வைச் சுரப்பி கிடையாது, முடியும் முளைக்காது.

இதைவிட எனக்கு வியப்பாக இருப்பது 2015-ல் நடந்தது. ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரத்தில், சிரியாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்தின் ஏழு வயதுப் பையன். பிறவியிலேயே மேல்தோல் அடித்தோலோடு ஒட்டாத நோய். லேசாக உரசினாலே கொப்பளித்து உரிந்துவிடும். இந்த நோயோடு பிறந்தவர்களைப் பட்டாம்பூச்சிக் குழந்தைகள் என்பார்கள். இவனைக் கொண்டுவரும்போது தோலில் பெரும்பகுதி போய்விட்டது. இத்தாலியின் மொடேனா பல்கலைக்கழகத்தில் மிக்கேலே தே லூக்காவும் அவரது குழுவினரும் அவனுடைய தோலில் நான்கு சதுர சென்டிமீட்டரை எடுத்து, பழுதான மரபணுவின் சரியான படியை ஒரு வைரஸ் மூலம் செல்களுக்குள் செலுத்தி, பின் வளர்த்தார்கள். மூன்று அறுவை சிகிச்சைகளில் உடம்பின் தோலில் ஏறத்தாழ 80 சதவீதம் மாற்றப்பட்டது. பையன் பள்ளிக்கூடம் போனான், கால்பந்து ஆடினான். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் தோல் உறுதியாக இருந்தது. அவ்வளவு பெரிய பரப்பைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டிருப்பவை மிகக் குறைந்த பங்கே உள்ள ஸ்டெம் செல்கள் என்பதையும் அவன் தோலைப் படித்துத்தான் உறுதிசெய்தார்கள். ஸ்டெம் செல் என்றால் விதைநெல். மற்றச் செல்கள் உழைத்துத் தேய்ந்து உதிர்ந்துவிடும். இவை தம்மையும் காப்பாற்றிக்கொண்டு புதிய செல்களையும் தந்துகொண்டே இருக்கும்.

கண்ணுக்கும் இதே கதைதான், அதில் நம் நாட்டுப் பங்கு பெரியது. கருவிழியின் ஓரத்தில், வெள்ளையும் கறுப்பும் சேரும் விளிம்பில், விதைநெல் செல்கள் இருக்கின்றன. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை அழுத்த, அது பீறிட்டுக் கண்ணில் தெறித்தால் இந்த விளிம்பு வெந்துபோகும். அப்புறம் கருவிழி மேல் சவ்வு படர்ந்து பார்வை மறைந்துவிடும். ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் 2001 முதலே நல்ல கண்ணிலிருந்து இந்தச் செல்களை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துப் பொருத்திவந்தது. 2012-ல் அங்கே விரேந்தர் சங்வானும் உடன் பணியாற்றியவர்களும் இன்னும் எளிய வழியை வெளியிட்டார்கள். நல்ல கண்ணின் விளிம்பில் இரண்டு மில்லிமீட்டர் துணுக்கு, அதைப் பொடித் துண்டுகளாக நறுக்கி, பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வை விரித்து, அதன் மேல் நாற்று நடுவது போலப் பசையால் ஒட்டிவிடுவது. செல்கள் கண்ணின் மேலேயே வளர்ந்து பரவிவிடும். விலையுயர்ந்த ஆய்வகம் இல்லாத ஊரிலும் செய்யலாம். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் இதைவிட அழகான யோசனை வேறு இல்லை.

இப்போது கவனியுங்கள். மேல்தோல், கருவிழி இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் ரத்தக்குழாய் கிடையாது. மேல்தோல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான். அடித்தோலில் ஓடும் ரத்தத்திலிருந்து கசிந்து வருவதே அதற்குப் போதும். கருவிழி கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதே அதில் ரத்தக்குழாய் இல்லாததால்தான். அது காற்றிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. முதலில் வென்ற இரண்டும் இப்படிப்பட்டவை என்பது தற்செயலாக நடந்ததில்லை.

காவிரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஆறு, அதிலிருந்து வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், கடைசியில் வயலுக்குள் திறக்கும் மடை. அணையில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் கடைமடைக்கு வந்து சேரவில்லை என்றால் அங்கே பயிர் காய்ந்துவிடும். உடம்பும் அப்படித்தான். இதயத்திலிருந்து பெருந்தமனி, அதன் கிளைகள், கிளைகளின் கிளைகள், முடிவில் முடியைவிட மெல்லிய நுண்குழாய்கள். ஆக்சிஜன் அந்த நுண்குழாயை விட்டு வெளியே கசிந்து போகக்கூடிய தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எழுதும் தாளில் ஒன்றிரண்டை அடுக்கினால் வரும் கனம். அதற்கு அப்பால் இருக்கிற செல் சில மணி நேரத்தில் சாகத் தொடங்கும். ஆகவே ஆய்வகத்தில் ஒரு கைப்பிடி அளவுக்குச் சிறுநீரகச் செல்களை வளர்த்துக் குவித்தாலும் வெளிப்புறம் மட்டுமே உயிரோடு இருக்கும். உள்ளே அழுகிவிடும். பெரியம்மாவின் கேள்விக்குப் பதிலின் முக்கால் பங்கு இதுதான்.

இந்தக் கடைமடைப் பிரச்சினையோடு முதலில் மோதிய முழு உறுப்பு சிறுநீர்ப்பை. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஆண்டனி அட்டாலா என்ற அறுவை மருத்துவர், பிறவித் தண்டுவடக் குறையால் சிறுநீர்ப்பை சுருங்கிக் கெட்டிப்பட்டுப்போன பிள்ளைகளைப் பார்த்துவந்தார். அந்த அழுத்தம் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். 1999 முதல் ஏழு பேருக்கு அவர் செய்தது இது: அவர்களுடைய சிறுநீர்ப்பையிலிருந்தே தபால்தலை அளவுத் துண்டு ஒன்றை எடுத்தார். அதில் உள்ளே மெழுகும் செல்களையும் வெளியே இறுக்கித் தளர்த்தும் தசைச் செல்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பெருக்கினார். கொலாஜனில் பை வடிவச் சட்டகம் செய்து, உள்பக்கம் ஒரு வகையையும் வெளிப்பக்கம் மற்றதையும் பூசினார். வீடு கட்டும்போது சாரம் கட்டுகிறோம், சுவர் நின்றதும் அவிழ்த்துவிடுகிறோம் அல்லவா? இந்தச் சாரத்தை அவிழ்க்கவே வேண்டாம், உடம்புக்குள் தானே கரைந்துவிடும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பை தயார். சொந்தச் செல் என்பதால் உடம்பு அதை அந்நியமாக நினைத்து எதிர்க்காது. வாழ்நாள் முழுக்க எதிர்ப்பை அடக்கும் மாத்திரை போட வேண்டியதில்லை.

2006-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது ஒரு சின்ன விவரம். சில பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் அந்தப் பையைச் சுற்றி, வயிற்றுக்குள் குடலை மூடித் தொங்கும் கொழுப்புத் திரையை இழுத்துப் போர்த்தினார்கள். அந்தத் திரையில் ரத்தக்குழாய்கள் ஏராளம். போர்த்திய பைகள் மேலாக வேலை செய்தன. வாய்க்கால் பக்கத்தில் இருந்த வயல் விளைந்தது. ஆனால் அடுத்த கட்டமாக வேறு மருத்துவமனைகளில் பிள்ளைகளுக்குச் செய்து பார்த்தபோது, 2014-ல் வந்த முடிவு நம்பிக்கை தரவில்லை. பையின் கொள்ளளவு எதிர்பார்த்தபடி கூடவில்லை, சிலருக்குக் கடுமையான சிக்கல்களும் வந்தன. முதல் வெற்றியைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாய்க்காலை நாம் வெட்ட முடியாது என்றால், ஏற்கெனவே வெட்டப்பட்டதைப் பயன்படுத்தினால் என்ன? 2008-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் டோரிஸ் டெய்லரின் குழு இறந்த எலியின் இதயத்தை எடுத்து, அதன் ரத்தக்குழாய்கள் வழியாகவே ஒரு சோப்புக் கரைசலை ஓடவிட்டது. நாம் தலைக்குத் தேய்க்கும் ஷாம்பூவில் இருக்கும் அதே வகைப் பொருள். செல்கள் அத்தனையும் கரைந்து வெளியேறின. மிஞ்சியது வெள்ளையாக, பாதி ஊடுருவித் தெரியும் ஓர் இதயம். அறைகளும் வால்வுகளும் குழாய்த் தடங்களும் அப்படியே இருந்தன, உயிர் மட்டும் இல்லை. பிறந்த எலிக்குஞ்சுகளின் இதயச் செல்களை அதற்குள் விட்டார்கள். நான்காம் நாள் கண்ணால் பார்க்கும்படி சுருங்கி விரிந்தது. எட்டாம் நாள் லேசாக ரத்தத்தைத் தள்ளும் வலு வந்தது. அது முழு இதயத்தின் வலுவில் இரண்டு சதவீதம்தான். இரண்டு சதவீதம் ஓர் உயிரைத் தாங்காது என்பது உண்மை. ஆனால் வெறும் கூடாக இருந்த ஒன்று துடித்த காணொளியை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

அடுத்த சிக்கல், விதை எங்கிருந்து வரும்? கெட்டுப்போன சிறுநீரகத்திலிருந்து நல்ல செல்லை எடுப்பது எப்படி? இதற்கு விடை ஜப்பானின் கியோட்டோவிலிருந்து வந்தது. ஷின்யா யமனாகா 2006-ல் எலியின் சாதாரணத் தோல் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கருவில் இருந்த நிலைக்குத் திருப்பிக்காட்டினார். அடுத்த ஆண்டே மனிதச் செல்லிலும் நடந்தது. முதிர்ந்த செல் பின்னோக்கிப் போகாது என்று நினைத்திருந்த காலம் அதோடு முடிந்தது. 2012-ல் யமனாகா, பிரிட்டன் விஞ்ஞானி ஜான் கர்டனோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். கையிலிருந்து எடுத்த தோல் செல்லைப் பின்னோக்கி அனுப்பி, மறுபடி முன்னோக்கி வளர்த்து, இதயச் செல்லாகவோ நரம்புச் செல்லாகவோ ஆக்கலாம்.

அப்படி வளர்க்கும்போது செல்கள் தாமாகவே கூடி, உறுப்பின் குட்டி மாதிரி ஒன்றை அமைத்துக்கொள்கின்றன. ஆர்கனாய்டு என்பது இதன் பெயர். நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸும் தோஷிரோ சாட்டோவும் 2009-ல் ஒரே ஒரு குடல் ஸ்டெம் செல்லிலிருந்து, குடலுக்குரிய மேடு பள்ளங்களோடு குட்டிக் குடல் வளர்ந்ததைக் காட்டினார்கள். இப்போது அந்த நாட்டில், நுரையீரலையும் குடலையும் கெடுக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் இருப்பவர்களின் குட்டிக் குடலில் மருந்தை விட்டுப் பார்க்கிறார்கள். அது உப்பிப் பருத்தால் அந்த மருந்து அந்த ஆளுக்கு வேலை செய்யும் என்று அர்த்தம். உறுப்பைப் பொருத்தும் முன்பே உறுப்பு வளர்ப்பு நோயாளிக்கு உதவத் தொடங்கிவிட்டது.

குட்டிச் சிறுநீரகமும் வந்துவிட்டது. 2015-ல் ஆஸ்திரேலியாவின் மெலிசா லிட்டில் குழு வளர்த்தது. சில மில்லிமீட்டர் அளவு, தாய் வயிற்றுக் குழந்தையின் சிறுநீரகத்தைப் போன்றது. நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது. ஒரு நாளில் 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றரை இரண்டு லிட்டரைத் தவிர மிச்சத்தையெல்லாம் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிடுகிறது. குட்டிச் சிறுநீரகத்தில் வடிகட்டிகள் கொஞ்சம் உண்டு. ஆனால் ரத்தம் உள்ளே வர ஆறும் இல்லை, சிறுநீர் வெளியேற வடிகாலும் இல்லை. தோலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே இருக்கும் தூரம் இவ்வளவு.

இந்தத் தூரத்தைத் தாவிவிட்டதாகச் சொன்னவர்களும் உண்டு. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பாவ்லோ மக்கியாரினி 2011-ல் பிளாஸ்டிக் மூச்சுக்குழாயில் நோயாளியின் ஸ்டெம் செல்களைப் பூசிப் பொருத்தினார். உலகம் கைதட்டியது. அங்கே அவர் அப்படிக் குழாய் பொருத்திய மூன்று பேரும் இறந்துபோனார்கள். பிளாஸ்டிக் குழாய்க்கு ரத்தம் வரவில்லை, அது உடம்போடு சேரவே இல்லை. 2023-ல் ஸ்வீடன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. எங்கள் பெரியப்பா கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். ஸ்டெம் செல் ஊசி, சிறுநீரகம் பழையபடி ஆகிவிடும், சில லட்சம் ரூபாய். அப்படி நிரூபிக்கப்பட்ட சிகிச்சை எதுவும் இன்று கிடையாது. வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருக்கிறவர்கள் இந்த ஒரு வரியையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரபணு திருத்திய பன்றிக்குள் வளர்ந்த சிறுநீரகத்தை மனிதருக்குப் பொருத்துவது இன்னொரு பாதை. 2024 மார்ச்சில் பாஸ்டனில் உயிரோடிருக்கும் ஒருவருக்கு முதன்முறையாக அது செய்யப்பட்டது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இன்றைக்குப் பெரியம்மா காத்திருப்பது மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவரின் குடும்பம் அழுகைக்கு நடுவே சம்மதித்துக் கொடுக்கும் சிறுநீரகத்துக்காக.

ஆனால் அவர் கையிலேயே தொட்டுக் காட்ட ஒரு செய்தி கிடைத்தது. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா வைப்பார்கள். விரலை வைத்தால் உள்ளே பூனை உறுமுவது போல அதிரும். பெரியம்மாவுக்கு முதலில் வைத்தது அடைத்துக்கொண்டது, இப்போது இருப்பது இரண்டாவது. அமெரிக்காவில் லாரா நிக்லசன் என்ற மருத்துவர், வாய்க்காலையே வளர்த்தால் என்ன என்று பல ஆண்டுகளாக உழைத்தவர். அறுவை சிகிச்சையில் கரைகிற தையல்நூல் செய்யும் பொருளில் வலைக்குழாய் ஒன்று. அதில் மனிதத் தசைச் செல்களை விட்டு, இதயத்துடிப்பு போலவே விட்டுவிட்டு அழுத்தம் கொடுத்து இரண்டு மாதம் வளர்ப்பார்கள். அந்தத் துடிப்புக்கு ஈடுகொடுத்தே செல்கள் உறுதியான கொலாஜன் சுவரைக் கட்டுகின்றன. பின் எலி இதயத்துக்குச் செய்தது போலச் செல்களைக் கழுவி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது யாருடைய அடையாளமும் இல்லாத வெற்றுக் குழாய். குளிரில் எடுத்து வைத்திருந்து யாருக்கு வேண்டுமானாலும் பொருத்தலாம். 2012-ல் போலந்தில் முதலில் இதைப் பெற்றவர்கள் டயாலிசிஸ் நோயாளிகள்தான். 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை ஒரு பயனுக்கு அங்கீகரித்தது, விபத்திலோ போரிலோ கை கால் ரத்தக்குழாய் அறுந்தவர்களுக்கு.

பொருத்தி மாதங்கள் கழித்து அந்தக் குழாயின் துணுக்குகளை எடுத்துப் பார்த்தபோது, வெறும் சுவராக உள்ளே போனதில் நோயாளியின் சொந்தச் செல்கள் வந்து குடியேறியிருந்தன. யாரும் அவற்றை அழைத்துவரவில்லை.

இதைப் போன வாரம் பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. இயந்திரம் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஊசி இல்லாத கையை எடுத்து மற்றக் கையின் ஃபிஸ்டுலா மேல் மெதுவாக வைத்துக்கொண்டார். "வாய்க்கால் வந்துடுச்சு," என்றார். "வயலுக்கு இன்னும் எத்தனை நாள்னு கேட்டுச் சொல்லு."